மின்சாரப் பிக்கப் வண்டியும் இழுவைப் பாரமும்

2019ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் போர்ட் நிறுவனத்தார் வியப்பூட்டும் காட்சியொன்றை உலகுக்குக் காட்டினர். பரீட்சார்த்தமாக அவர்கள் அமைத்த மின்சாரப் பிக்கப் வண்டியொன்று, தண்டவாளத்தின்மீது நின்ற பத்து இருதட்டுச் சரக்குப் பெட்டிகளை ஆயிரம் அடிக்கு மேற்பட்ட தூரம் இழுத்துச் சென்றது. அப்பெட்டிகளினுள்ளே 42 பிக்கப் வண்டிகள் ஏற்றப்பட்டிருந்தன. யாவற்றினதும் மொத்த நிறை 12.5 இலட்சம் றாத்தலுக்கு மேலாகும். இதனைக் கண்டோர், பாரமிழுக்கும் தொழிலிற் பெற்றோல் வண்டியின் காலம் முடிந்ததென்றே எண்ணியிருத்தல் கூடும். ஆயின், மூன்றாண்டுகளின் பின்னர் அவ்வினத்து வண்டியை விலைகொடுத்து வாங்கி, அதன் பின்னே பயண வீட்டுப் பெட்டியொன்றைப் பூட்டி நெடுஞ்சாலையிற் சென்றோர், ஏறத்தாழ நூறு மைல் கடந்ததும் மின்னேற்று நிலையத்தைத் தேடவேண்டியவராயினர். இலட்சக்கணக்கான றாத்தலை இழுத்த இனம் ஏழாயிரம் றாத்தலின் முன்னே களைப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காணின், இவ்வண்டிகளின் எதிர்காலமும் ஒருவாறு புலனாகும்.

முதற்கண் இழுக்கும் விசையைப் பற்றி நோக்குவாம். பெற்றோல் எஞ்சின் ஓய்விலிருந்து பாரத்தை அசைக்க இயலாதது. அது குறித்தவொரு சுழற்சி வேகத்தை அடைந்த பின்னரே தன் முழு முறுக்கத்தையும் தரும். அதனாலேயே அதற்குப் பற்சக்கரத் தொகுதி வேண்டப்படுகின்றது. மின்மோட்டரோ சுழலத் தொடங்கும் அக்கணத்திலேயே தன் உச்ச முறுக்கத்தைத் தரவல்லது. 2022இல் விற்பனைக்கு வந்த போர்ட் எஃப்-150 லைட்னிங் என்னும் வண்டியின் முறுக்கம் 775 அடி-றாத்தல்; அது இழுக்கத்தக்க உச்ச நிறை 10,000 றாத்தல். 2021இல் வெளிவந்த ரிவியன் ஆர்-1-டி 11,000 றாத்தல் வரை இழுக்கும். எனவே, விசையைப் பொறுத்தவரை மின்சார வண்டிக்கு யாதொரு குறையுமில்லை என்பது தெளிவு.

ஆயின் விசை வேறு, சத்தி வேறு. விசையைத் தூரத்தாற் பெருக்கியே செய்யப்பட்ட வேலையைக் கணிக்கின்றோம். தண்டவாளத்தில் உருக்குச் சில்லு உருளும்போது ஏற்படும் தடை, தெருவில் இறப்பர் ரயர் உருளும்போது ஏற்படும் தடையிற் பலமடங்கு குறைந்தது. சரக்குப் பெட்டிகள் மெல்ல நகர்ந்தமையால் வளியின் தடையும் இல்லையென்னும்படியாயிற்று. சென்ற தூரமோ கால் மைலும் இல்லை. ஆகவே அக்காட்சி மோட்டரின் வலிமைக்குச் சான்றேயன்றி, மின்கல அடுக்கின் நிலைபேற்றுக்குச் சான்றன்று. சவாரிக் காளையின் பாய்ச்சலைக் கண்டு, அதனை நெடுவழிப் பாரவண்டியிற் பூட்டுவார் உளரோ?

நெடுஞ்சாலையிற் செல்லும் வண்டியை எதிர்ப்பவை மூன்று: உருளல் தடை, ஏற்றம், வளித்தடை என்பன. உருளல் தடை நிறையோடு கூடும். வளித்தடையோ நிறையைப் பொருட்படுத்துவதில்லை. பெட்டியின் முகப்புப் பரப்பையும் வடிவத்தையும் வேகத்தின் வர்க்கத்தையுமே அது பொறுத்துள்ளது. மணிக்கு 50 மைல் வேகத்தை 65 மைலாக உயர்த்தினால், வளித்தடை ஏறத்தாழ 70 சதவீதம் மிகும். 2022இல் மோட்டர் டிரெண்ட் என்னும் அமெரிக்கச் சஞ்சிகையார் நடத்திய சோதனை இதனை நன்கு விளக்குகின்றது. தனித்துச் செல்லின் 300 மைல் ஓடுமென மதிப்பிடப்பட்ட லைட்னிங் வண்டியில் அவர்கள் மூன்று பயணப் பெட்டிகளை வெவ்வேறாகப் பூட்டினர். ஏறத்தாழ 3,100 றாத்தற் பெட்டியோடு 115 மைலும், 5,300 றாத்தற் பெட்டியோடு 100 மைலும், 7,200 றாத்தற் பெட்டியோடு 90 மைலுமே ஓடலாமெனக் கண்டனர். நிறை இருமடங்குக்கு மேலாகியும் தூரம் கால்வாசிக்குட்பட்டே குறைந்தது. ஆனால், மிகச் சிறிய பெட்டியைப் பூட்டிய மாத்திரத்திலேயே தூரத்திற் பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. இங்கே பெரும்பகையாய் நின்றது பாரமன்று, வளியே என்பது போதரும்.

ஏற்றத்தின் விளைவையும் கணித்தறியலாம். கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரம் கடல்மட்டத்துக்கு 5,280 அடி உயரத்திலுள்ளது. அங்கிருந்து மேற்கே செல்லும் பெருஞ்சாலை, 11,000 அடிக்கு மேலுள்ள ஐசனோவர் சுரங்கத்தினூடாக மலையைக் கடக்கின்றது. வண்டியும் பெட்டியும் சேர்ந்து 15,000 றாத்தல் எனக் கொள்வோம். இப்பாரத்தை அவ்வுயரத்துக்கு ஏற்றுவதற்கு மாத்திரம் 32 கிலோவாற்று மணி வரையிலான சத்தி வேண்டும். லைட்னிங் வண்டியின் பெரிய மின்கல அடுக்கிற் பயன்படத்தக்கது 131 கிலோவாற்று மணி. அதில் நாலிலொரு பங்கு இவ்வாறு செலவாகிவிடும். எனினும் இதில் ஓர் ஆறுதலுண்டு. இறக்கத்தில் மோட்டரே மின்பிறப்பாக்கியாக மாறி, செலவான சத்தியில் ஒரு பகுதியை மீட்டுத் தருவதோடு, பிறேக்குகள் சூடேறாமலுங் காக்கும். வளி ஐதான மலையுச்சியிற் சாதாரண பெற்றோல் எஞ்சினின் வலு குன்றும், மின்மோட்டருக்கு அக்குறையுமில்லை. வளித்தடைக்கு ஈந்த சத்தியோ ஒருபோதும் மீளாது.

இனிச் சேமிப்பின் அளவை நோக்குவாம். ஓர் அமெரிக்கக் கலன் பெற்றோலில் 33.7 கிலோவாற்று மணிச் சத்தி அடங்கியுள்ளது. ஆகவே மேற்கூறிய மின்கல அடுக்கிலுள்ள சத்தி நான்கு கலன் பெற்றோலுக்கும் சற்றுக் குறைவே. பெற்றோலில் ஓடும் எஃப்-150 வண்டிக்கு 36 கலன் கொள்ளும் தாங்கியும் உண்டு. எஞ்சின் தான் உண்ணும் சத்தியின் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்குகின்றது. மின்மோட்டரோ பத்தில் ஒன்பது பங்கைப் பயனுள்ள வேலையாக மாற்றுகின்றது. இவ்வினைத்திறனாலேயே சிறிய சேமிப்பைக் கொண்டு மின்சார வண்டி முந்நூறு மைல் ஓடுகின்றது. பாரமிழுக்கும்போது பெற்றோல் வண்டியின் செலவும் இருமடங்காகலாம். எனினும் கலனுக்குப் பத்து மைல் வீதம் ஓடினாலும் 36 கலனில் 360 மைல் செல்லலாம். பின்னர் சில நிமிடங்களில் தாங்கியை நிரப்பிக் கொள்ளலாம். ஊதாரியாயினும் பெருஞ்செல்வன் ஒரு செலவைத் தாங்குவான். சிக்கனமுடையவனாயினும் சிறுபொருளாளன் அதே செலவில் தளர்வான்.

மின்னேற்றத்துக்குச் செல்லும் காலமே அடுத்த தடையாகும். விரைவு மின்னேற்று நிலையத்தில் லைட்னிங்கின் பெரிய அடுக்கை 15 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை நிரப்ப 40 நிமிடத்துக்குச் சற்று மேலாகும். அதற்கப்பால் ஏற்றம் மிக மெதுவாகும். முழு அடுக்குக்கு நூறு மைலெனின், இவ்வேற்றத்தாற் கிடைப்பது 65 மைல் மாத்திரமே. 400 மைற் பயணத்தில் ஐந்து முறை தரிக்கவேண்டும். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் காத்திருப்பிற் கழியும். மேலும், பெரும்பாலான நிலையங்கள் கார் ஒன்று முகம் புகுத்தி நிற்குமளவுக்கே அமைந்துள்ளன. பெட்டி பூட்டியவர் அதனைக் கழற்றி ஓரிடத்தில் விட்டு, மின்னேற்றி, மீண்டும் பூட்டவேண்டும். குழந்தைகளோடு செல்லும் குடும்பத்துக்கும், குதிரைகளை ஏற்றிச் செல்லும் பண்ணையாளனுக்கும் இஃது எத்துணை இடரென்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

பெரிய அடுக்கை வைத்தால் என்னையெனின், அவ்வழியிலும் முயன்றுள்ளனர். ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்தாரின் மின்சாரச் சில்வராடோ வகைகளுட் சில 200 கிலோவாற்று மணிக்கு மேற்பட்ட அடுக்கைக் கொண்டு, தனித்து 450 மைலுக்கு மேலும் ஓடுகின்றன. பாரமிழுத்து இருநூறு மைலளவு செல்ல இது வகைசெய்யும். ஆனால் அவ்வண்டியின் நிறையே 8,000 றாத்தலைக் கடந்துள்ளது. பெட்டியின் நிறையில் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு வண்டியின் பின்புறத்தில் அழுந்துவதால், ரயர்களும் அச்சுகளும் தாங்கத்தக்க எல்லை விரைவில் எட்டப்படுகின்றது. விலையும் நிறையோடு ஏறுகின்றது. ஒரு கட்டத்தின் பின் மின்கல அடுக்கு தன்னைத் தானே சுமக்கும் பாரமாகிவிடும்.

ஆகவே அமெரிக்க உற்பத்தியாளர் வேறொரு வழியை நாடியுள்ளனர். 2025 செப்டெம்பரில் ராம் வண்டிகளின் உற்பத்தியாளர் தமது முழு மின்சாரப் பிக்கப் திட்டத்தைக் கைவிட்டு, 92 கிலோவாற்று மணி அடுக்கோடு பெற்றோல் எஞ்சினால் இயங்கும் மின்பிறப்பாக்கியையும் கொண்ட வகையைத் தெரிந்தெடுத்தனர். 14,000 றாத்தல் வரை இழுக்கத்தக்கதாக அது அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரிற் போர்ட் நிறுவனமும் முழு மின்சார லைட்னிங்கை நிறுத்தி, அடுத்து வரும் வகையை இம்முறையில் அமைப்பதாக அறிவித்தது. விலையும் விற்பனைக் குறைவும் இம்முடிவுகளுக்குக் காரணங்களாயினும், நெடுந்தூர இழுவையின் குறைபாடும் அவற்றுள் அடங்கும். இம்முறை நமக்குப் புதியதன்று. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954இற் கனடாவிலிருந்து நம் நாட்டுக்கு வந்து, பின்னர் யாழ்தேவியை இழுத்த டீசல் புகையிரத எஞ்சின்களும் மின்பிறப்பாக்கியைச் சுழற்றி, மின்மோட்டர்களாலேயே சில்லுகளை இயக்கின. புதிய பிக்கப் வண்டியிற் கூடுதலாக இருப்பது இடையே நிற்கும் மின்கல அடுக்கு ஒன்றே.

மற்றொரு வழி, இழுக்கும் வண்டியை விடுத்து இழுபடும் பெட்டியைத் திருத்துவதாகும். வளியே பெரும்பகையெனின், முகப்புத் தாழ்ந்து முனை உருண்ட பெட்டி தூரத்தைக் கூட்டும். 2022இல் ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் காட்டிய மாதிரியும், 2023இல் லைட்சிப் நிறுவனம் வெளியிட்ட பயணப் பெட்டியும் தமக்கென மின்கல அடுக்கும் மோட்டரும் உடையன. இழுபட்டுச் செல்லாமல் உடன்சென்று உதவுவன. நுழைந்த வழியே பின்வாங்காது ஊடறுத்துச் செல்லத்தக்க மின்னேற்று நிலையங்கள் பெருகுவதும் இன்றியமையாதது.

இவற்றால் நாம் துணிவது யாது? நாள்தோறும் நாற்பது ஐம்பது மைல் எல்லைக்குட் பெட்டி இழுத்து, இரவில் தன் கொட்டிலுக்குத் திரும்பி மின்னேற்றும் கட்டட ஒப்பந்தகாரனுக்கும் பண்ணையாளனுக்கும் முழு மின்சாரப் பிக்கப் இன்றே ஏற்றதொரு துணை. நானூறு மைலுக்கப்பாலுள்ள ஏரிக்குப் படகை இழுத்துச் செல்வானுக்கு அது இன்னும் ஏற்றதாகவில்லை. வாங்குவோன் தன்னிடம் கேட்கவேண்டிய வினா, எவ்வளவு பாரம் என்பதன்று. எவ்வளவு தூரம், எத்தகைய பெட்டி, எந்த வேகம் என்பனவே. ஒரு பொறியின் வலிமையை விளம்பரத்தாற் காட்டிவிடலாம். அதன் எல்லையையோ கணக்கே காட்டும். எல்லையை மறைத்து விற்ற பொருள், தன் உண்மையான நன்மைகளுக்கும் பழியைத் தேடிக்கொள்ளும்.