1905 உலகத் தொடர்

1905 உலகத் தொடர் என்பது பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தில், அமெரிக்காவின் இரு பெரிய லீகுகளின் வாகையர் மோதிய தொடராகும். நேஷனல் லீகைச் சேர்ந்த நியூயார்க் ஜயன்ட்ஸ், அமெரிக்கன் லீகைச் சேர்ந்த பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் அணியை 4–1 என்ற கணக்கில் வென்றது. ஐந்து ஆட்டங்களிலும் தோற்ற அணியால் ஓர் ஓட்டம்கூட எடுக்க முடியவில்லை.

முந்தைய ஆண்டு ஜயன்ட்ஸ் அணி, அமெரிக்கன் லீகைத் தாழ்வாகக் கருதி அதன் வாகையருடன் ஆட மறுத்திருந்தது. கண்டனம் எழுந்தபின் அணியின் உரிமையாளர் ஜான் பிரஷ் தாமே தொடருக்கான விதிகளை வகுத்தார். ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்லும் அணிக்கே பட்டம் என்பது அவற்றுள் ஒன்று.

கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் பந்துவீச்சாளர் மாறுவார். அடிபந்தாட்டத்திலோ பிட்சர் எனப்படும் எறிவாளர் ஒருவரே, 18.44 மீட்டர் தொலைவிலிருந்து எதிரணியின் எல்லா மட்டையாளர்களுக்கும் எறிவார். அக்காலத்தில் ஒன்பது இன்னிங்ஸையும் ஒருவரே எறிந்து முடிப்பது வழக்கம். அழுக்கேறி மென்மையான பின்னும் அதே பந்தே பயன்பட்டதால் ஓட்டங்களும் குறைவு. ஆயினும் அவ்வளவு எறிந்த கைக்குச் சில நாள் ஓய்வு வேண்டும்.

ஜயன்ட்ஸின் 25 வயது எறிவாளர் கிறிஸ்டி மாத்யூசனின் சாதனை வியப்பளிப்பது இதனால்தான். அக்டோபர் 9 அன்று 3–0, 12 அன்று 9–0, 14 அன்று 2–0 என ஆறு நாள்களுக்குள் மூன்று ஆட்டங்களை முழுமையாக எறிந்து வென்றார். 27 இன்னிங்ஸில் ஓட்டம் எதுவும் தரவில்லை. 18 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். கடைசி ஆட்டத்தின் இரண்டாவது ஓட்டத்தை எடுத்தவரும் அவரே. வழக்கமான வளைவுக்கு எதிர்த்திசையில் விலகி இறங்கும் 'ஃபேட்அவே' என்ற எறிதல் அவருடைய தனி ஆயுதம்.

அத்லெட்டிக்ஸ் எறிவாளர்களைக் குறை சொல்வதற்கில்லை. இரண்டாம் ஆட்டத்தில் சார்லஸ் பெண்டர் 3–0 என வென்றார். அந்த மூன்று ஓட்டங்களே தொடர் முழுவதிலும் அவ்வணி எடுத்தவை. அவையும் ஜயன்ட்ஸின் களத்தடுப்புப் பிழைகளால் கிடைத்தவை. எடி பிளாங்கின் நிலைதான் பரிதாபம். நான்காம் ஆட்டத்தில் அவர் தந்தது ஒரே ஓட்டம், அதுவும் தம் அணியினரின் பிழையால் வந்தது. எதிரே ஜோ மெகின்னிட்டி ஓட்டமே தராததால் 1–0 எனத் தோற்றார்.

அவ்வாண்டு 27 வெற்றிகள் பெற்றிருந்த ரூப் வாடெல், தோள் காயத்தால் தொடரில் ஆடவில்லை. ஒரு வைக்கோல் தொப்பிக்காகச் சக எறிவாளர் ஆண்டி கோக்லியுடன் விளையாட்டாக மல்லுக்கு நின்றதில் காயம்பட்டது என்று சொல்லப்பட்டது. சூதாடிகளிடம் பணம் பெற்றார் என்ற வதந்தியும் பரவியது, அது நிரூபிக்கப்படவில்லை. மூன்றாம் ஆட்டத்தில் 9–0 எனத் தோற்றவர் அதே கோக்லிதான். வாடெல் இருந்திருந்தாலும் ஓட்டமே எடுக்காத அணி எப்படி வென்றிருக்கும் என்ற கேள்வி எஞ்சுகிறது.

மாத்யூசனுக்கு அதன்பின் உலகத் தொடர் பட்டம் எதுவும் கிட்டவில்லை. 1911, 1913 ஆகிய ஆண்டுகளில் ஜயன்ட்ஸை வீழ்த்தியது இதே அத்லெட்டிக்ஸ் அணி. 1913 தொடரின் இறுதி ஆட்டத்தில் மாத்யூசனை 3–1 எனத் தோற்கடித்தவர் எடி பிளாங்க்.