பைப் வேலைக்கு எதற்குக் கல்லூரி?

எஸ்பிஎம் முடித்த கையோடு குழாய் பொருத்தும் தொழில் படிக்கப் போகிறேன் என்றதும் வீட்டில் எழுந்த முதல் கேள்வி இதுதான். கேள்வி நியாயமானது. என் மாமா 20 ஆண்டுகளாக இந்த வேலை செய்கிறார். மெர்சிங் படகுத்துறையிலிருந்து தீவுகளில் உள்ள விடுதிகளுக்கும் போய்வருவார். கையில் எந்தச் சான்றிதழும் இல்லை.

பதிலையும் அவரே சொன்னார். "எனக்கு வேலை தெரியும்டா. ஆனா சொந்தப் பேர்ல எடுக்க முடியாது. பெர்மிட் வச்சிருக்கவர்கிட்ட கூலிக்குத்தான் செய்றேன்."

2006-ஆம் ஆண்டு நீர்ச்சேவைத் தொழில் சட்டத்தின்கீழ், நீர் விநியோகக் குழாய் வேலைகளை எடுத்துச் செய்பவர்கள் ஸ்பான் எனப்படும் தேசிய நீர்ச்சேவை ஆணையத்தின் பெர்மிட் பெற வேண்டும். கட்டுமானத் தளத்துக்குள் நுழைய சிஐடிபி-யின் பச்சை அட்டை தனி. மாமாவைப் போன்றவர்களுக்கு ஒரு வழி உண்டு: பிபிடி முறையில், செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுத்து எஸ்கேஎம் சான்றிதழ் பெறலாம். எனக்குக் காட்ட அனுபவம் இல்லை. படித்துத்தான் ஆக வேண்டும்.

இங்கேதான் கவனம் தேவை. ஒரு தனியார் கல்லூரியின் விளம்பரத் தாளில் 'அரசாங்க அங்கீகாரம்' என்று பெரிதாகப் போட்டிருந்தது. எந்தப் பாடத்துக்கு, எந்த நிலைக்கு என்று கேட்டேன். பதில் சுற்றி வளைத்து வந்தது. கடிதத்தைக் காட்டவே இல்லை. திறன் மேம்பாட்டுத் துறையான ஜேபிகே, கல்லூரிக்கு மொத்தமாக அங்கீகாரம் தருவதில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும், ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாகத் தருகிறது. அதற்குக் காலாவதித் தேதியும் உண்டு. எஸ்கேஎம் 1 முதல் 3 வரை, அதற்கு மேல் 4-ஆம் நிலை டிப்ளோமா, 5-ஆம் நிலை உயர் டிப்ளோமா. கட்டணம் கட்டும் முன் ஜேபிகே-யின் இணையத்தளத்தில் அந்த மையத்தின் பெயரைத் தேடிப் பார்த்துவிடுங்கள். பிடிபிகே கடன் கேட்பதற்கும் அந்த அங்கீகாரம் வேண்டும். அது கடன், இனாம் அல்ல.

அடுத்து நான் பார்த்தது பட்டறை. மாணவர்கள் தாங்களே குழாய் இணைத்து, நீர் ஏற்றி, அழுத்தச் சோதனை செய்கிறார்களா? கணக்கில் சுமாரானவர்களுக்கு ஏற்ற தொழில் என்று சிலர் நினைக்கிறார்கள். 10 மீட்டர் உயரத் தொட்டி ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். கழிவுக் குழாய் 40 அடி நீளத்துக்கு 1 அடி சரிய வேண்டும் என்பது பழகிய கணக்கு. சரிவு போதாவிட்டால் அடைத்துக்கொள்ளும். தொட்டிக்கடியில் வளைந்த குழாயில் தேங்கும் கொஞ்சம் தண்ணீர்தான் சாக்கடை வாடையை வீட்டுக்குள் விடாமல் தடுக்கிறது என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மெர்சிங்கில் போலிடெக்னிக் இருக்கிறதே, பக்கத்திலேயே மின்பொறியியல் படி என்றார் அம்மா. வீட்டுக்கு அருகில் என்பதற்காகப் பிடிக்காததைப் படிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. குளுவாங்கோ ஜொகூர் பாருவோ, விடுதிச் செலவையும் கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். அதனால் எஸ்எல்டிஎன் எனும் இரட்டைப் பயிற்சியையும் விசாரித்து வருகிறேன்: நேரத்தில் 70 முதல் 80 விழுக்காடு வேலையிடத்தில், மீதி வகுப்பில். அதற்குப் பயிற்சியாளனை ஏற்கும் முதலாளி வேண்டும். மாமாவுக்கு வேலை தரும் பெர்மிட்காரரிடம் அடுத்த வாரம் கேட்கப் போகிறேன்.