மாடத்து மல்லிகை

தமிழ்ச் சான்றோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு மலரின் பெயரால் வழங்கினர். மலைப்பகுதி குறிஞ்சி எனவும், காட்டுப்பகுதி முல்லை எனவும், கடற்கரைப்பகுதி நெய்தல் எனவும் பெயர் பெற்றன. பொழுதையும் அவர்கள் மறந்தாரில்லை. ஓர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்து, இன்ன நிலத்திற்கு இன்ன பொழுது சிறந்தது என வரையறுத்தனர். கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களின் பெயர்கள் ஒருங்கே அடுக்கப்பட்டுள்ளன. மலரையும் நிலத்தையும் பொழுதையும் ஒருசேரக் காணும் இப்பார்வை புலவர்க்கு மட்டும் உரியதன்று. மொட்டைமாடியில் ஒரு தொட்டிச்செடி வளர்ப்பவர்க்கும் அதுவே வேண்டும்.

கோடையில் உதகமண்டலம் செல்வோர் பியூஷியா என்னும் பூச்செடியைக் கண்டு மகிழ்வர். சிவந்த புறவிதழ்கள் விரிய, ஊதாநிற அகவிதழ்கள் கீழ்நோக்கித் தொங்க, மகளிர் காதில் அணியும் ஜிமிக்கியைப் போல அதன் பூக்கள் அசைந்தாடும். இவ்வினத்தில் பெரும்பாலானவை தென் அமெரிக்க, நடு அமெரிக்க மலைகளைத் தாயகமாகக் கொண்டவை. ஹிஸ்பானியோலாத் தீவில் இதனைக் கண்ட பிரெஞ்சுத் துறவி சார்ல் புளூமியே, 1566இல் மறைந்த ஜெர்மானிய மருத்துவரும் செடிநூல் வல்லுநருமான லியோனார்ட் ஃபூக்ஸ் என்பவரின் நினைவாக இதற்குப் பெயர் சூட்டி, 1703ஆம் ஆண்டில் தம் நூலில் வெளியிட்டார்.

அழகில் மயங்கி அச்செடியைச் சென்னைக்குக் கொண்டுவருவோர் உளர். சில வாரங்களில் மொட்டுகள் உதிரும். பின்னர் இலைகள் உதிரும். முடிவில் தண்டு மட்டும் எஞ்சும். பகல் வெயில் ஒன்றே இதற்குக் காரணம் அன்று. மே மாதத்தில் சென்னையின் பகல் வெப்பம் இயல்பாகவே 37 பாகை செல்சியசை எட்டும். 2003ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் நுங்கம்பாக்கத்தில் 45 பாகை பதிவாயிற்று. பகல் வெயிலுக்கு நிழல் தரலாம். ஆனால் இரவிலும் தணியாத கடற்கரை வெப்பத்திற்கு என் செய்வது? குளிர்ந்த இரவுக்குப் பழகிய மலைச்செடி இங்கே இளைப்பாற இடமின்றி வாடுகிறது. அது வாடக் கண்டவர் மேலும் மேலும் நீர் ஊற்றுவர். அதனால் வேரும் அழுகும். அன்பு மிகுதியால் செடியைக் கொல்வதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

மல்லிகையின் இயல்போ வேறு. வெயில் ஏற ஏற அது பூத்துக் குலுங்கும். மல்லிகை என்பது தமிழ்ச்சொல்லா, வடசொல்லா என்னும் வழக்கு இங்கு வேண்டா. குண்டுமல்லி தமிழ் வீட்டுக்குரிய மலர் என்பதில் ஐயமில்லை.

மயிலாப்பூர் பண்டுதொட்டே மலர்ச்சோலைக்குப் பெயர்பெற்ற ஊர். நந்தவனத்தில் மலர் கொய்யச் சென்ற பூம்பாவை அரவு தீண்டி இறந்ததையும், திருஞானசம்பந்தர் பதிகம் பாட அவள் மீண்டும் உயிர்பெற்று எழுந்ததையும் பெரியபுராணம் கூறும். கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை. அது கடற்கரைக்கு உரிய மரம். அவ்வூரின் நிலம் நெய்தல் என்பதற்கு அதனினும் சான்று வேண்டா. மயிலாப்பூர், அடையாற்றுப் பகுதிகளில் கடலையொட்டிய மண் மணற்பாங்கானது. ஊற்றிய நீர் உடனே இறங்கிவிடும். எருவின் சத்தும் அதனோடு கீழே போய்விடும். தியாகராயநகரின் இயல்பு இதற்கு மாறானது. பழைய மாம்பலம் ஏரியை 1923 முதலாகத் தூர்த்து எழுப்பிய நகர் அது. ஆதலின் அங்கே களிமண் மிகுதி. மழை பெய்தால் நீர் தேங்கும். வெயில் காய்ந்தால் மண் வெடிக்கும். ஆகவே வாசல் மண்ணை வாரித் தொட்டியில் நிரப்புதல் இரண்டு இடங்களிலும் தவறு. செம்மண், ஆற்றுமணல், நன்கு மக்கிய தொழுவுரம் ஆகிய மூன்றையும் கலந்து இடுதல் நலம். தொட்டியின் அடியில் துளை இருத்தல் இன்றியமையாதது. அத்துளையின்மேல் ஓட்டுச்சில்லு ஒன்றை வைத்தபின்பே மண் இடவேண்டும். தொட்டிக்கு வண்ணம் தீட்டக் காட்டும் ஆர்வத்தை இத்துளையில் காட்டுவோர் சிலரே.

இனி, மல்லிகை வளர்ப்பவர் அறியவேண்டியவற்றுள் தலையாயது கவாத்து. மல்லிகை பழைய கொம்பில் பூப்பதில்லை; புதிதாகத் துளிர்க்கும் கிளையின் நுனியிலேதான் அரும்பு கட்டும். கவாத்துச் செய்யாத செடி கொடிபோல் நீண்டு வளர்ந்து, இலையடர்ந்து நிற்கும். பூ மட்டும் அரிதாகும். கார்த்திகைத் திங்களில், அதாவது நவம்பர் இறுதியில், மழை ஓய்ந்த ஒரு நாளைத் தேர்ந்து, தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடி உயரத்தில் கொம்புகளை வெட்டிவிடவேண்டும். காய்ந்தவற்றையும் நோயுற்றவற்றையும் அடியோடு நீக்கவேண்டும். வெட்டுவதற்குச் சில நாள் முன்னதாக நீரைக் குறைத்தல் வழக்கம். பசுமையாக நின்ற செடியை மொட்டையாக்கக் கை கூசும். அவ்வாறு கூசி விட்டுவிட்டால், வரும் சித்திரையில் பூவிழந்து வருந்த நேரும்.

முன்பனிக் காலமாகிய மார்கழியிலும் தையிலும் செடி உறங்குவது போல் இருக்கும். அப்போது நீர் அளவாகவே வேண்டும். தளிர் தோன்றியதும் மேல்மண்ணைக் கொத்தி, தொழுவுரமும் சிறிது வேப்பம்பிண்ணாக்கும் இட்டு, நீரைப் படிப்படியாக மிகுதிப்படுத்தவேண்டும். இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைந்தது என்று அறியலாம். ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்துத் தெளித்தால் பசுமை மீளும். மாசி இறுதியில் அரும்பு தலைகாட்டும். பங்குனி முதல் ஆனி வரை பூப்பெருக்கம்.

வேனிலில் நீரே செடிக்கு உயிர். தொட்டியில் உள்ள சிறிதளவு மண் ஒரே பகலில் காய்ந்துவிடும்; மாடித்தளமோ அனல் கக்கும். காலையும் மாலையும் வேரளவு நனையுமாறு பூவாளியால் ஊற்றவேண்டும், உச்சிவேளையில் ஊற்றலாகாது. கடற்காற்று நண்பகலை ஒட்டி எழுந்து மயிலாப்பூரையும் அடையாற்றையும் முதலில் குளிர்விக்கும். தியாகராயநகரை அது சற்றுத் தாழ்ந்தே அடையும். ஆதலின் அங்குள்ளார் தொட்டிகளை நெருக்கி வைத்து, ஒன்றன் நிழல் மற்றொன்றின்மேல் விழச் செய்தல் தக்கது. இலையின் அடியில் செம்பேன் பற்றுவதும் இக்காலத்திலேயே. நீரை விசையாகப் பீச்சிக் கழுவினாலே அது பெரிதும் குறையும்.

எந்நீரை ஊற்றுவது என்பது சென்னையில் எளிய வினா அன்று. 2019ஆம் ஆண்டு ஜூன் திங்களில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வற்றின. குடிநீருக்கே மக்கள் குடத்துடன் தெருவில் காத்துநின்ற அந்நாளில், பூச்செடிக்கு நல்ல நீரை வார்க்க யார்க்கு மனம் வரும்? அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் அப்போது பல மாடித்தோட்டங்களைக் காத்தன. சவர்க்காரம் கலந்த நீர் ஆகாது. கடலருகே ஆழ்துளைக் கிணறுகளில் உப்பு ஏறிய இடங்களில் அந்நீரும் ஆகாது. இலை விளிம்பு கருகுவது கொண்டு அதனை அறியலாம். 2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ஒவ்வொரு கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அவ்வமைப்பைப் பழுதின்றிப் பேணும் வீடுகளின் கிணற்றுநீர் செடிக்கும் உகந்தது.

முல்லை நிலத்துக்குக் கார்காலம் உரியது என்பது இலக்கண மரபு. ஆனால் சென்னைக்குப் பெருமழை ஆவணி புரட்டாசியில் வருவதன்று. ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்டது ஐப்பசியும் கார்த்திகையுமாகிய கூதிர்க்காலத்திலும் அதனை ஒட்டியுமே பொழியும். அப்போது செடிக்குத் தேங்கிய நீரே பகை. தொட்டியைச் செங்கல்மேல் ஏற்றி வைத்தால் அடித்துளை அடைபடாது. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் வீசியபோது பெருமரங்களே ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. புயல் அறிவிப்பு வந்தவுடன் தொட்டிகளைக் கைப்பிடிச் சுவரின்மீதிருந்து இறக்கித் தரையில் ஓரமாக வைத்தல் செடிக்கும் நன்று. தெருவில் நடப்போர் தலைக்கும் நன்று.

மழை தொடங்குமுன் கிளை ஒன்றைத் தாழ வளைத்து, அதன் கணுவை மண்ணில் புதைத்துப் பதியன் போட்டால் அது வேர்விட்டுத் தனிச்செடியாகும். குண்டுமல்லி விதை கொள்வது அரிது. ஆதலின் பெரும்பாலும் இவ்வாறே ஒரு வீட்டுச்செடி மறுவீட்டுக்குச் செல்கிறது. கவாத்துக்குப்பின் மல்லிகை ஓய்ந்திருக்கும் நாளில் மாடம் வெறிதாய் இருக்கவேண்டுவதில்லை. டிசம்பர் பூ என மக்கள் வழங்கும் ஊதாநிற மலர் அப்போதுதான் பூக்கத் தொடங்கும். அதற்கு மணமில்லை. ஆயினும் மார்கழி விடியலில் மயிலை மாடவீதியில் செல்லும் மகளிர் பலர் கூந்தலில் அதனைக் காணலாம்.