முன்பதிவில் முதலிடம் பிடித்த படம் ஏன் எடுபடவில்லை?

சீனப் புத்தாண்டு நெருங்குகிறது. அங்குள்ள திரையரங்குகளின் முன்பதிவுக் கணக்கு வெளியாகத் தொடங்கிவிட்டால், "இந்தப் படம்தான் முதலிடம்" என்ற செய்தி ஓரிரு நாளில் இங்கேயும் வந்துவிடும். அதற்குள் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. 2025 புத்தாண்டுக்கு வெளியான, சுய் ஹார்க் இயக்கிய 'லெஜண்ட்ஸ் ஆஃப் த காண்டோர் ஹீரோஸ்: த கேலண்ட்ஸ்' பற்றி வாசகர்கள் எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. முன்பதிவில் முதலிடம் என்றார்கள், சில நாளிலேயே படம் எடுபடவில்லை என்றார்கள், பிறகு சோனி அதை அமெரிக்காவில் வெளியிடுகிறது என்றார்கள். இதில் எதை நம்புவது? மூன்றையும் நம்பலாம். ஒரே ஏற்பாட்டின் மூன்று விளைவுகள் அவை. வூஷியா எனப்படும் வாள்வீச்சுப் படம் எப்படி இருக்கும், இதன் மூலக்கதையை எழுதிய ஜின் யோங்கின் நாவல்களுக்குச் சீனர்களிடம் என்ன மதிப்பு என்பதெல்லாம் எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. நேரே அந்த ஏற்பாட்டுக்கு வருவோம்.

ரசிகர்களின் ஆவலை அளக்கும் எண்ணாகத்தான் முன்பதிவுத் தொகையை விளம்பரங்கள் காட்டுகின்றன. அது செய்யும் வேலை வேறு. சீனாவில் எந்தப் படத்துக்கு எத்தனை காட்சி என்பது மாதக்கணக்கில் முன்னதாக முடிவாவதில்லை. ஒவ்வொரு அரங்கின் மேலாளரும் அன்றன்றைய அட்டவணையைத் தாமே போடுகிறார். போடும்போது அவர் பார்ப்பது டிக்கெட் செயலிகள் நொடிக்கு நொடி காட்டும் விற்பனை எண்ணை. நிறைய விற்ற படத்துக்கு நிறையக் காட்சி, மாலை நேரம், பெரிய அரங்கு. நிறையக் காட்சி கிடைத்த படம் இன்னும் நிறைய விற்கும்; அந்த எண் மறுபடி அட்டவணைக்குப் போகும். ஆக, முன்பதிவு எண் எத்தனை பேர் பார்க்க விரும்புகிறார்கள் என்பதைச் சொல்வதோடு நிற்பதில்லை. எத்தனை பேரால் பார்க்க முடியும் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. ஓர் அளவுகோலுக்கு இப்படி அதிகாரம் கிடைத்துவிட்டால், அளக்கப்படுகிறவர் அதை வளைக்கப் பார்க்காமல் இருக்கமாட்டார்.

இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியமான பகுதியும் கவலைதரும் பகுதியும் ஒரு சின்ன நடைமுறையில் இருக்கிறது. டிக்கெட்டே விற்காத காட்சியை மேலாளர் கடைசி நேரத்தில்கூட எடுத்துவிட்டு வேறு படத்தைப் போடலாம். இரண்டு டிக்கெட் விற்றுவிட்டால் அது எளிதல்ல. பணத்தைத் திருப்பித் தர வேண்டும், புகார் வரும், ஊருக்குள் பெயர் கெடும். ஆகவே நட்சத்திரங்களின் ரசிகர் குழுக்கள் ஒரு வழி கண்டுபிடித்தன. முன்பதிவு திறந்த உடனேயே ஒவ்வொரு காட்சியிலும் ஓரிரண்டு இருக்கைகளை வாங்கிவிடுவது. காட்சியைப் பூட்டுவது என்று அங்கே அதற்குப் பெயர். பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பது நமக்குப் பழக்கம்தான். ஆனால் இங்கே ஒரு துண்டு ஒரு பேருந்தையே பிடித்துவிடுகிறது. செலவைப் பாருங்கள். சீனத் திரைப்பட நிர்வாகம் தந்த கணக்குப்படி 2025 புத்தாண்டு விடுமுறையின் 8 நாட்களில் 18.7 கோடி டிக்கெட் விற்று 951 கோடி யுவான் வசூலானது. ஒரு டிக்கெட் சராசரியாக 51 யுவான். 200 இருக்கை உள்ள அரங்கில் ஒரு காட்சியைப் பிடித்துவைக்க 102 யுவான் போதும். 10,000 காட்சிகளுக்கு 10 லட்சம் யுவானுக்குச் சற்று மேல் ஆகும். பெரிய படத்தின் விளம்பரச் செலவோடு ஒப்பிட்டால் அது தூசு.

டிக்கெட்டை வாங்குவது ரசிகராக இல்லாமல் படத்தை வெளியிடுபவராகவே இருந்தால் கணக்கு இன்னும் இனிக்கும். அரசின் திரைப்பட நிதிக்கு 5 சதவீதமும் வரியும் போக, மிச்சத்தில் சுமார் 43 சதவீதம் தயாரிப்பு, விநியோகத் தரப்புக்கே வருகிறது. தன் படத்துக்குத் தானே 100 யுவான் டிக்கெட் வாங்கினால் ஏறக்குறைய 40 யுவான் வேறு வாசல் வழியாக வீடு திரும்பிவிடும். இது கற்பனையல்ல. 2016இல் 'இப் மான் 3' வெளியானபோது, விநியோக நிறுவனம் 5.6 கோடி யுவானுக்குத் தானே டிக்கெட் வாங்கியதையும், 7,600க்கும் மேற்பட்ட காட்சிகள் நடந்ததாகப் பொய்க்கணக்கு எழுதி 3.2 கோடி யுவான் சேர்த்ததையும் சீன அரசே அறிவித்தது. அந்த நிறுவனத்தின் விநியோகப் பணி ஒரு மாதம் நிறுத்திவைக்கப்பட்டது. 2017 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த திரைப்படத் தொழில் சட்டம் பொய் வசூலுக்குத் தண்டனையும் வைத்தது. ஆனால் அந்தச் சட்டம் பொய்க் கணக்கைத்தான் பிடிக்கும். ஒரு ரசிகர் தன் சொந்தப் பணத்தில் வாங்கி, போகாமல் விட்ட டிக்கெட்டில் பொய் எதுவும் இல்லை. சட்டத்துக்கு அங்கே வேலையும் இல்லை.

'காண்டோர் ஹீரோஸ்' படத்தை எடுத்தவர்கள் இப்படிச் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் செய்ய வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் விஷயம். நாயகன் ஷியாவ் ஜான், 2019இல் வந்த 'தி அன்டேம்ட்' தொடருக்குப் பிறகு சீனாவிலேயே மிகத் திரண்ட ரசிகர் கூட்டங்களில் ஒன்றைக் கொண்டவர். அந்தக் கூட்டத்தின் ஆர்வம் முன்பதிவு எண்ணில் முழுதாக ஏறியது. அந்த எண் அரங்குகளைத் தந்தது. அதன்பிறகு பொதுமக்கள் வந்து பார்த்தார்கள். பார்வையாளர்கள் மதிப்பெண் போடும் டௌபான் தளத்தில் படத்தின் மதிப்பெண் 10க்கு 6ஐத் தொடவில்லை. அதே புத்தாண்டுக்கு வெளியாகி முன்பதிவில் பின்னால் நின்ற 'நேஜா 2' படம் ஓரிரு நாளில் எல்லாவற்றையும் தாண்டிப்போய், இறுதியில் 1,500 கோடி யுவானுக்கு மேல் வசூலித்தது. முன்பதிவில் முந்திய படம் சுமார் 70 கோடி யுவானோடு நின்றது. இருபது மடங்குக்கும் மேற்பட்ட இடைவெளி அது. வரிசையிலிருந்த இரண்டு படங்கள் இவ்வளவு தூரம் இடம் மாறுமானால், அந்த வரிசை எதைத்தான் அளந்தது?

படம் மோசம் என்பதால் தோற்றது, இதில் முன்பதிவுக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் படத்தின் குறைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவையும் அதே இடத்தில் போய் முடிகின்றன. 40 அத்தியாய நாவலின் 34ஆம் அத்தியாயத்திலிருந்து கதை தொடங்குகிறது. கதைநாயகன் குவோ ஜிங் மங்கோலியப் புல்வெளியில் வளர்ந்தது, காதலி ஹுவாங் ரோங்கைச் சந்தித்தது, இருவரும் பிரிந்தது எல்லாம் சில நிமிடக் காட்சித் துணுக்குகளாக ஓடிவிடுகின்றன. பிறகு காதல் என்ற பெயரில் நீளமான மனக்குரல்கள். வளர்த்த செங்கிஸ்கானுக்கும் பிறந்த மண்ணுக்கும் நடுவே நாயகன் தவிக்கும் நெருக்கடி வசனமாகவே தீர்ந்துபோகிறது. சண்டைகளில் உடலின் வேலை குறைவு. கணினி வரைந்த ஆற்றல் அலைகள் கையிலிருந்து புறப்பட்டு மோதிக்கொள்கின்றன. 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் சைனா'வில் ஏணிகளை வைத்துக்கொண்டு மறக்கமுடியாத சண்டையைக் கட்டிய இயக்குநரின் படம் இது. லியுங் கா-ஃபாய் நடித்த, 'மேற்கின் விஷம்' எனப்படும் ஒவ்யாங் ஃபெங் மட்டும் வாய்விட்டுக் கத்திப் படத்தை அவ்வப்போது எழுப்புகிறார். 147 நிமிடப் படத்தில் ஒரு பாத்திரத்தையாவது அறிமுகம் செய்ய நேரம் ஒதுக்காதது அலட்சியமாகத் தெரியலாம். எனக்கு அது கணக்காகவே தெரிகிறது. பார்ப்பதற்கு முன்பே டிக்கெட் வாங்குகிறவருக்குக் கதையும் தெரியும், நடிகரையும் தெரியும். அவருக்கு அறிமுகம் தேவையில்லை. முதல் இரண்டு நாள் வசூலே குறி என்றால், அந்த ஒருவருக்காகப் படம் எடுப்பதுதான் லாபம். முன்பதிவு எண் அரங்கைப் பங்கிடுவதோடு நில்லாமல் திரைக்கதைக்குள்ளும் கைவைத்துவிட்டது.

வெளிநாட்டு வெளியீட்டில் இந்தக் கணக்கு உடைகிறது. 2025 பிப்ரவரி பிற்பகுதியில் சோனி இதை அமெரிக்க அரங்குகளுக்குக் கொண்டுவந்தபோது, எதிரே இருந்தது இரண்டு விதப் பார்வையாளர்கள். முதல் வகையினர் நாவலையும் பழைய தொலைக்காட்சித் தொடர்களையும் பார்த்து வளர்ந்த புலம்பெயர் சீனர்களும் நாயகனின் ரசிகர்களும். சீனாவில் படம் என்ன ஆயிற்று என்பது அதற்குள் மூன்று வாரமாக அவர்கள் கைப்பேசிக்கு வந்துகொண்டிருந்தது. இரண்டாம் வகையினர் இந்தக் கதையைக் கேள்விப்படாதவர்கள். 34ஆம் அத்தியாயத்தில் தொடங்கும் கதையில் அவர்கள் ஏற வாசல் இல்லை. ஒரு பெரிய நிறுவனம் கையெழுத்திட்டது படத்துக்குக் கிடைத்த சான்றிதழ் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். இத்தகைய ஒப்பந்தங்கள் வழக்கமாகப் படம் திரைக்கு வரும் முன்பே, இயக்குநர் பெயர், நடிகர் பெயர், நாவலின் புகழ் ஆகியவற்றை வைத்து முடிவாகின்றன. வெளிநாட்டு வெளியீடும் ஒருவகை முன்பதிவுதான்.

ஒப்பிட ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. ஆங் லீயின் 'க்ரௌச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' 2000 டிசம்பரில் அமெரிக்காவில் திறந்தது வெறும் 16 அரங்குகளில். பார்த்தவர்கள் சொல்லச் சொல்ல அரங்குகள் கூடின. உச்சத்தில் 2,000ஐத் தாண்டின. கடைசியில் அமெரிக்காவில் மட்டும் 12.8 கோடி டாலர் வசூல். வாங் டு லுவின் அந்த நாவல் வரிசையை அமெரிக்கர்கள் யாரும் படித்திருக்கவில்லை. படம் அதை எதிர்பார்க்கவும் இல்லை. அங்கே அரங்குகள் பார்வையாளரின் பின்னால் போயின. இங்கே பார்வையாளர் அரங்குகளின் பின்னால் வரவேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. இரண்டுக்கும் இடையில் வாள்வீச்சுக் கலை மங்கிவிட்டது என்பதைவிட, எதை முதலில் விற்பது என்ற வரிசை மாறிவிட்டது என்பதே எனக்குப் பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

மறுப்பவர்கள் கையில் ஒரு வலுவான வாதம் உண்டு: 'நேஜா 2' ஜெயித்ததே இந்த ஏற்பாடு தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பதற்குச் சாட்சி அல்லவா? மேலாளர்கள் இரண்டே நாளில் அட்டவணையை மாற்றினார்களே? மாற்றினார்கள். ஆனால் 8 நாள் பருவத்தில் முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் மிகுந்த விலையுள்ளவை. அவற்றை இழந்தும் எழுந்துகொள்ள அசாதாரணமான படத்தால்தான் முடியும். நடுத்தரமான, ஆனால் நேர்மையான ஒரு படம் காலை 9 மணிக் காட்சியிலும் நள்ளிரவுக் காட்சியிலும் கிடந்து, யாரும் பார்ப்பதற்குள் காணாமல்போகும். ஒரு வெற்றியை நாம் பார்க்கிறோம். பார்க்கப்படாமலே போனவற்றை எந்தக் கணக்கும் காட்டுவதில்லை. மேலும், திருத்தத்தைச் செய்ய உதவும் எண்களையும் அதே செயலிகள்தான் தருகின்றன. 2018 ஜூலையில் 75 கோடி யுவானில் எடுத்ததாகச் சொல்லப்பட்ட 'அசுரா' வெளியான மூன்றாம் நாளே திரும்பப் பெறப்பட்டது. அப்போது அலிபாபாவின் டாவ்பியாவ்பியாவ் செயலியில் அதன் மதிப்பெண் 8.4, போட்டிச் செயலியான மாவ்யனில் 4.9. அலிபாபாவின் திரைப்பட நிறுவனம் அந்தப் படத்தின் முதலீட்டாளர்களில் ஒன்று. டிக்கெட் விற்பவர், மதிப்பெண் தருபவர், படத்தில் பணம் போடுபவர் மூவரும் ஒரே ஆளாக இருக்கும்போது, எந்த எண் தானாக விளைந்தது, எது விளைவிக்கப்பட்டது என்று வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க வழியில்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

இந்தப் படத்தை எடுத்தது சோனியா? இல்லை, சீனாவுக்கு வெளியே வெளியிட்டதுதான் அதன் வேலை.

70 கோடி யுவான் சிறிய தொகையா? தனியாகப் பார்த்தால் பெரிது. முன்பதிவில் முதலிடம் என்ற பேச்சுக்குப் பக்கத்தில் வைத்தால் சிறிது.

அரசு வெளியிடும் வசூல் எண்ணை நம்பலாமா? செயலிகள் பிடிக்கும் சேவைக் கட்டணத்தையும் 2017 முதல் அதில் சேர்த்துவிட்டார்கள், கழித்துவிட்டு நம்பலாம்.

நாவலைப் படிக்காமல் பார்த்தால் புரியுமா? யாருக்கு யாரோடு பகை என்பது புரியும், ஏன் என்பது புரியாது.

ரசிகர்கள் பணம் கொடுத்து வாங்குவதில் என்ன தப்பு? அவர்கள் மீது தப்பில்லை. இரண்டு டிக்கெட்டுக்கு ஒரு காட்சியையே தரும் ஏற்பாட்டில் இருக்கிறது.

அப்படியானால் வரும் புத்தாண்டில் எந்த எண்ணைப் பார்ப்பது? மூன்றாம் நாளில், ஒதுக்கிய இருக்கைகளில் எத்தனை சதவீதம் நிரம்பின என்பதை. அதற்கு முன் வரும் எந்த முதலிடமும் விளம்பரம்.