ஓசையின்றி உழைக்கும் உறுப்பு

இதயம் துடிப்பதை நாம் உணர்கிறோம். மூச்சு வந்து போவதையும் அறிகிறோம். ஆனால் முதுகெலும்பின் இருமருங்கும் அமர்ந்து இரவு பகலாக உழைக்கும் சிறுநீரகங்களை நம்மிற் பலர் நினைப்பதேயில்லை. கிராமத்தார் குண்டிக்காய் என வழங்குவது இவ்வுறுப்பையே.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 180 இலீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. வேண்டியவற்றை மீண்டும் இரத்தத்திற் சேர்த்து, ஏறக்குறைய ஒன்றரை இலீற்றரை மாத்திரம் சிறுநீராக வெளியேற்றுகின்றன. இத்தொழில் தடைப்படின் யூரியா முதலிய கழிவுகள் இரத்தத்தில் தேங்கிவிடும். இதுவே சிறுநீரகச் செயலிழப்பாகும்.

இஃது இருவகைப்படும். சில நாட்களுள் திடீரெனத் தோன்றுவது ஒன்று. கடும் வயிற்றோட்டத்தால் உடல்நீர் வற்றுதல், வயலில் இறங்குவோரைப் பற்றும் எலிக்காய்ச்சல், கண்ணாடி விரியன் தீண்டுதல் ஆகியன இதற்குக் காரணங்களாம். உரிய காலத்திற் சிகிச்சை கிடைப்பின் சிறுநீரகம் பழைய நிலைக்கு மீளவும் கூடும்.

மற்றது ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல அரிப்பது. இதில் இழந்தது மீள்வதில்லை. சலரோகம் எனப்படும் நீரிழிவும், உயர் இரத்த அழுத்தமும் இதன் தலையாய காரணங்கள். வைத்தியரைக் கேளாது நெடுங்காலம் விழுங்கும் நோவு மாத்திரைகளும் கேடு செய்யும்.

எனினும், நமது நாட்டின் வடமத்திய மாகாணத்திலே, 1990ஆம் ஆண்டுகள் முதலாக, இவ்விரு நோயும் இல்லாத விவசாயிகள் பலர் சிறுநீரகம் பழுதடைந்து வருந்தலாயினர். மதவாச்சி, பதவியா முதலிய ஊர்கள் இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டன. கிணற்று நீரின் வன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீரருந்தாது உழைத்தல் எனப் பலவற்றையும் ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். முடிந்த முடிபு இன்னும் எட்டப்படவில்லை.

இந்நோயின் கொடுமை அதன் மௌனத்திலேதான் இருக்கிறது. பெரும்பகுதி பழுதடையும்வரை நோவு தோன்றாது. களைப்பு, கால்வீக்கம், பசியின்மை ஆகியன தலைகாட்டும்போது காலம் கடந்திருக்கும்.

1943ஆம் ஆண்டு நெதர்லாந்திலே வில்லெம் கொல்ப் என்ற வைத்தியர் செயற்கைச் சிறுநீரகத்தை மனிதரிடம் பயன்படுத்தினார். 1954இல் பொஸ்டன் நகரில் மாற்றுச் சிறுநீரகம் வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டது. இவை உயிரைக் காக்கும். ஆயினும், வாரத்தில் இரண்டு மூன்று நாட்களை இயந்திரத்தின் அருகிற் கழிக்கும் வாழ்வு எளிதன்று.

ஆதலின், வீட்டிலே நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ள பெரியோர் இருப்பின், ஆண்டுக்கொருமுறையேனும் அவர்தம் இரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதிக்கச் செய்யுங்கள். சிறுநீரகம் தானாக முறையிடாது. அதன் நிலையை நாமே கேட்டறிதல் வேண்டும்.