லெட்ஜர் லைவ் ஆப் பெயர் மாறியாச்சு... உங்க கிரிப்டோ என்னவாகும்? 24 வார்த்தை கேட்டா உஷார்!

கிரிப்டோ ஹார்டுவேர் வாலட் வைத்திருப்பவர்கள் பயன்படுத்திய 'லெட்ஜர் லைவ்' ஆப், இப்போது 'லெட்ஜர் வாலட்'. பிரான்ஸைச் சேர்ந்த லெட்ஜர் நிறுவனம் 2025 அக்டோபரில் பெயரை மாற்றியது. அப்போ பழைய ஆப்பில் காட்டிய பிட்காயின்?

ஒன்றும் ஆகாது. காயின் ஆப்பிலும் இல்லை, பென் டிரைவ் மாதிரி இருக்கும் அந்தக் கருவியிலும் இல்லை, பிளாக்செயினில் இருக்கிறது. அதைத் திறக்கும் சாவிதான் கருவிக்குள் இருக்கிறது. கருவி தொலைந்தால் சாவியை மறுபடி உருவாக்கத்தான் அந்த 24 ஆங்கில வார்த்தைகள்.

காஞ்சிபுரம் நெசவாளர்களுக்கு இது சட்டென்று புரியும். புடவை டிசைன் இருப்பது ஜக்கார்டு அட்டையில். தறியை மாற்றினாலும் அதே அட்டையைப் போட்டால் அதே பார்டர் வரும். அட்டை வேறொருவர் கைக்குப் போனால் அவரும் அதையே நெய்துவிடுவார். இங்கே டிசைனோடு நிற்காது, மொத்தப் பணமும் போய்விடும்.

ஆப் மாறுகிறது என்றாலே மோசடிக்காரர்களுக்கு சீசன்தான். 2023 நவம்பரில் மைக்ரோசாப்ட் ஸ்டோருக்குள்ளேயே போலி லெட்ஜர் ஆப் ஒன்று நுழைந்து, சுமார் 16.8 பிட்காயினைச் சுருட்டியது. அதனால் ஸ்டோரில் இருக்கிறதே என்று நம்பி இறக்க வேண்டாம். நிறுவனத்தின் இணையதளம் வழியாகப் போங்கள். 24 வார்த்தைகளைக் கருவியில் மட்டுமே போட வேண்டும். போனிலோ கம்ப்யூட்டரிலோ டைப் செய்யச் சொன்னால், அது போலிதான்.

புது ஆப்பில் பேலன்ஸ் தெரியவில்லையா? பதறாமல் கருவியை இணைத்து, கணக்கைச் சேர்த்தால் வந்துவிடும்.

ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு அழைக்கலாம். ஆனால் போன பிட்காயினை நிறுத்தி வைக்க, பிளாக்செயினில் பேங்க் மேனேஜர் யாரும் கிடையாது.