ஃப்ரீஸர்ல கத்தி பட்டு 'புஸ்'ஸுன்னு சத்தமா? உடனே என்ன செய்யணும்?

காசிமேட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போய் வஞ்சிரமும் சங்கராவும் வாங்கி வந்தாச்சு. ஃப்ரீஸரைத் திறந்தா ஒரே பனி மலை. மீன் டப்பா நுழைய இடமில்லை. கையில் கிடைத்த கத்தியை எடுத்து நாலு குத்து... 'புஸ்ஸ்ஸ்!'

அந்தச் சத்தம் கேட்டால், குளிரூட்டும் குழாயில் ஓட்டை விழுந்துவிட்டது என்று அர்த்தம். பழைய சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் ஃப்ரீஸர் பெட்டியின் சுவரே குழாய்தான். இரண்டு அலுமினியத் தகடுகளை ஒட்டி, நடுவில் வாய்க்கால் மாதிரி வழிவிட்டு, அதற்குள் கேஸ் ஓடும். கத்தி முனையை அது தாங்காது.

முதல் அஞ்சு நிமிஷம்

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, நெடியே மக்களை எழுப்பிவிட்டது. ஃப்ரிட்ஜ் கேஸ் அப்படிக் காட்டிக்கொடுக்காது. இன்றைய ஃப்ரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர்-600ஏ என்பது ஐசோபியூட்டேன். சமையல் சிலிண்டரில் இருக்கும் கேஸுக்கு நெருங்கிய சொந்தம். தீப்பிடிக்கும், காற்றைவிட கனமானது என்பதால் தரையோரம் தங்கும். அளவு சில பத்து கிராம்தான் என்றாலும், பூட்டிய சின்ன கிச்சனில் ரிஸ்க் எடுக்க வேண்டாம்.

அதனால் அடுப்பை அணையுங்கள். ஜன்னல், கதவைத் திறந்துவிடுங்கள். ஃப்ரிட்ஜ் பக்கத்து சுவிட்சைத் தொடாமல், கிச்சனுக்கு வெளியே இருக்கும் மெயினை ஆஃப் செய்யுங்கள். கம்ப்ரஸர் தொடர்ந்து ஓடினால் ஓட்டை வழியாகக் காற்றையும் ஈரத்தையும் உள்ளே இழுத்து, அதுவும் கெட்டுவிடலாம். மீனை ஐஸ் பாக்ஸுக்கு மாற்றிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

'கேஸ் போட்டா சரியாயிடும்' என்றால் நம்பாதீங்க!

ஓட்டையை அடைக்காமல் கேஸ் மட்டும் அடித்தால், அது மறுபடி வெளியேதான் போகும். சரியான ரிப்பேர் என்றால், மிச்ச கேஸை வெளியேற்ற வேண்டும். ஓட்டையைச் சுற்றித் தேய்த்துச் சுத்தம் செய்து, அலுமினியப் பற்றவைப்பாலோ எபாக்ஸி பசையாலோ அடைக்க வேண்டும். பிறகு நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, சோப்பு நுரை வைத்துக் கசிவு பார்க்க வேண்டும். ஃபில்டரைப் புதிதாக மாற்றி, வேக்குவம் பம்ப் போட்டு ஈரத்தை உறிஞ்ச வேண்டும். கேபிலரி குழாயின் துளை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஒரு துளி தண்ணீர் உள்ளே உறைந்தாலே அடைத்துக்கொள்ளும். கடைசியாக, ஸ்டிக்கரில் இருக்கும் அதே கேஸை அதே எடைக்கு எடைபோட்டு நிரப்ப வேண்டும். ஆர்-600ஏ ஃப்ரிட்ஜில் கேஸ் மிச்சம் இருக்கும்போது டார்ச் பற்றவைக்க விடவே விடாதீர்கள்.

செலவழிக்கலாமா, மாத்திடலாமா?

ஃப்ரிட்ஜைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். ராயபுரம், திருவொற்றியூர் மாதிரி கடலோரத்தில் உப்புக்காற்று இரும்புக் குழாய்களைத் துருப்பிடிக்க வைக்கும். துரு அதிகம் இருந்தால், இன்று ஒரு ஓட்டையை அடைத்தாலும் நாளை இன்னொன்று திறக்கும். ஃபோமுக்குள் மறைந்திருக்கும் குழாயில் கசிவு என்றாலும் கஷ்டம்தான். ஸ்டிக்கரில் ஆர்-12 என்று இருந்தால், அது ஓசோனை அரிக்கும் கேஸ். 1987 மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் கைவிடப்பட்டது. அந்த ஃப்ரிட்ஜுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம். குழாய் நல்லா இருந்து, கத்தி பட்ட ஒரே ஓட்டைதான் என்றால், தாராளமாக ரிப்பேர் பார்க்கலாம். எஸ்டிமேட்டை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை பனி விரல் தடிமனுக்கு வரும் முன்பே, சனிக்கிழமை ராத்திரியே டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திவிட்டுத் தூங்குங்கள். அவசரம் என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே ஒரு கிண்ணம் சுடுதண்ணீர் வையுங்கள். பனி தானாக உதிரும். கத்தி மீனுக்கு மட்டும் போதும்!